6.8 மி.மீ. குண்டு கவசத் தகட்டைத் துளைக்குமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கத் தரைப்படை புதிதாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் 6.8 மி.மீ. துப்பாக்கி, எதிரி எந்தக் கவசத்தை அணிந்திருந்தாலும் துளைத்துவிடும் என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள். வேறு சிலரோ, இன்றைய செராமிக் தகடுகளை எந்தத் துப்பாக்கியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். இரண்டில் எது சரி?
– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

பதில்: இரண்டையும் அப்படியே ஏற்பதற்கில்லை. எந்தக் குண்டு, எந்தத் தகடு, எவ்வளவு தொலைவு என்ற மூன்றையும் கேட்காமல் இந்தக் கேள்விக்கு யாராலும் பொறுப்பாகப் பதில் சொல்ல முடியாது. தாங்கள் இயற்பியல் கற்பித்தவர் என்பதால் கணக்கோடு சேர்த்தே எழுதுகிறேன். இந்த விவகாரத்தின் முடிச்சே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் இந்தத் துப்பாக்கி வந்த கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2017 மே மாதம், அன்றைய அமெரிக்கத் தரைப்படைத் தலைமைத் தளபதி மார்க் மில்லி, செனட் சபையின் ராணுவக் குழு முன்பு பேசும்போது, தம் வீரர்கள் பயன்படுத்தும் 5.56 மி.மீ. குண்டு துளைக்காத கவசம் ஒன்று புழக்கத்தில் இருப்பதாக வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அந்தத் தகடு இணையத்தில் சுமார் 250 டாலருக்கு விற்கப்படுகிறது என்றும் அவர் சொன்னார். ஐந்தாண்டுகள் கழித்து, 2022 ஏப்ரலில், சிக் சாவர் நிறுவனத்துக்குப் புதிய துப்பாக்கிக்கான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2024-ல் 101-வது வான்வழிப் படைப்பிரிவு வீரர்களின் கைக்கு வந்த அந்தத் துப்பாக்கி, 2025 மே மாதம் எம்7 என்ற பெயரில் முறைப்படி ஏற்கப்பட்டது. நேரடிச் சண்டையில் இறங்கும் பிரிவுகளுக்கு மட்டுமே இது தரப்படுகிறது; மற்றவர்கள் கையில் பழைய 5.56 துப்பாக்கியே தொடர்கிறது.

இனி, வெடிமருந்தும் உறையும் குண்டும் சேர்ந்த முழுப் பொருளைத் தோட்டா என்றும், குழலிலிருந்து பறந்து செல்லும் பகுதியை மட்டும் குண்டு என்றும் குறிப்பிடுகிறேன். பேச்சு வழக்கில் இரண்டும் கலந்துவிடுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. 6.8, 5.56, 7.62 என்ற எண்கள் குண்டின் தோராயமான குறுக்களவை மி.மீ. கணக்கில் குறிப்பவை.

6.8 தோட்டாவில் உண்மையிலேயே புதுமையான பகுதி அதன் உறை. வெடிக்கும்போது உள்ளே உருவாகும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 80,000 பவுண்டு வரை செல்ல அனுமதிக்கப்பட்டுள்ளது. நம் கார் டயரில் இருப்பது முப்பதைச் சற்றுத் தாண்டும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும். முழுப் பித்தளை உறையால் இதைத் தாங்க முடியாது. அதனால் அடிப்பகுதியைத் துருப்பிடிக்காத எஃகிலும், மேல்பகுதியைப் பித்தளையிலும் செய்து இணைத்திருக்கிறார்கள். இவ்வளவு பாடும், குட்டையான குழலிலிருந்தே குண்டை அதிக வேகத்தில் வெளியேற்றுவதற்காகத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். இதே அளவில் பொதுச் சந்தையில் விற்கப்படும் குண்டு ஒன்றின் எடை ஏறத்தாழ 8.75 கிராம், 16 அங்குலக் குழலிலிருந்து அது நொடிக்குச் சுமார் 914 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. நிறையில் பாதியை வேகத்தின் இருபடியால் பெருக்கினால் ஏறத்தாழ 3,650 ஜூல் இயக்க ஆற்றல் கிடைக்கிறது. நான்கு கிராம் எடையுள்ள 5.56 குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் 1,620 ஜூல்தான். இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசத்தைப் பார்ப்பவர்கள், ‘இனி எந்தத் தகடு நிற்கும்?’ என்று கேட்டுவிடுகிறார்கள்.

தகடு எதை எதிர்த்து நிற்பதற்காகச் செய்யப்படுகிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 2008-ல் வெளியிட்ட தரநிலையில் உச்சப் படியான நான்காம் நிலைத் தகட்டின்மீது சுடப்படும் குண்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்து எம்2 ஏ.பி. என்ற கவசத்துளைப்புக் குண்டாகும். அதன் எடை 10.8 கிராம், வேகம் நொடிக்கு 878 மீட்டர், நடுவே இருப்பது கடினமாக்கப்பட்ட எஃகுக் கரு. கணக்கிட்டால் 4,160 ஜூல் வருகிறது. அதாவது, புதிய குண்டு குழல்வாயிலேயே கொண்டிருக்கும் ஆற்றலைக் காட்டிலும் அதிகமான ஆற்றலை, அதுவும் எஃகுக் கருவோடு வரும்போது, தடுத்து நிறுத்துவதற்கென்றே நான்காம் நிலைத் தகடு சோதிக்கப்படுகிறது. 2023 நவம்பரில் வெளியான புதிய தரநிலையிலும் பெயர்தான் ஆர்.எஃப்.3 என்று மாறியிருக்கிறதே தவிர, எதிரே நிற்பது அதே எம்2 ஏ.பி.தான்.

எனவே, வழக்கமான 6.8 குண்டு இத்தகைய தகட்டைக் கட்டாயம் துளைக்கும் என்று ஆற்றலை மட்டும் காட்டி யாரும் வாதிட முடியாது.

அப்படியானால் எது துளைக்கிறது? இதற்கு ஆய்வுக்கூடம் வரைக்கும் போக வேண்டியதில்லை. அம்மி கொத்துபவரின் உளியைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கும் பதம், சரியாகப் பிடிக்காத உளி கருங்கல்லில் பத்து அடி அடிப்பதற்குள் முனை மழுங்கிப்போகும். அதன்பின் சம்மட்டியை எவ்வளவு ஓங்கிப் போட்டாலும் கல்லில் வெள்ளைத் தடம் விழுமே ஒழியக் குழி விழாது. செராமிக் தகடு செய்வதும் அதே வேலைதான். தகட்டின் முகப்பில் இருக்கும் போரான் கார்பைடு அல்லது சிலிக்கான் கார்பைடு, கடினமாக்கப்பட்ட எஃகைவிடப் பல மடங்கு கடினமானது. குண்டு மோதிய முதல் சில மைக்ரோ நொடிகளில் அதன் முனை தட்டையாகிறது அல்லது நொறுங்குகிறது. செராமிக்கும் உடைகிறது, ஆனால் அது கூம்பு வடிவில் உடைவதால், ஒரு புள்ளியில் விழுந்த அடி பின்னால் விரிந்த பரப்பில் பகிரப்படுகிறது. முனையிழந்து வேகம் குறைந்த உலோகச் சிதறலைப் பின்புறமுள்ள பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் வகை இழை அடுக்குகள் வலை போலப் பிடித்துக்கொள்கின்றன.

திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் ஊருக்கு வந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது, கழற்றி வைத்த துளையிடும் முனையான பிட்டைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதன் முகத்தில் மொச்சைக்கொட்டை போலப் பதித்திருக்கும் குமிழ்கள் டங்ஸ்டன் கார்பைடால் ஆனவை. வெறும் எஃகு மழுங்கிப்போகும் கருங்கல்லை அந்தக் குமிழ்கள்தான் உடைத்துப் பொடியாக்குகின்றன. தோட்டாவிலும் இதுவே நடக்கிறது. 5.56-ல் எம்995, 7.62-ல் எம்993 என்று அமெரிக்காவிடம் வெகுகாலமாக இருக்கும் கவசத்துளைப்புக் குண்டுகளின் கரு டங்ஸ்டன் கார்பைடு. எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தியும், அதைவிட மிகுந்த கடினத்தன்மையும் கொண்ட இந்தப் பொருள், செராமிக்கில் மோதியும் தன் முனையைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. போரான் கார்பைடு இலேசானது, மிகக் கடினமானது. அதனால்தான் கவசத்துக்கு அதை விரும்புகிறார்கள். ஆனால், மோதல் அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டும்போது அதன் படிக அமைப்பு மெல்லிய கோடுகளாக ஆங்காங்கே குலைந்து, அந்தக் கோடுகளின் வழியே வலிமையை இழந்துவிடுகிறது என்பதை 2003-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். அடர்த்தி மிகுந்த கரு, அதிக வேகத்தில் வரும்போதுதான் இவ்வளவு அழுத்தம் உருவாகிறது. எஃகுக் கருவுக்கோ வேகம் எப்போதும் துணை செய்வதில்லை. மிகக் கடினமான பரப்பில் கூடுதல் வேகத்தோடு மோதும்போது, துளைப்பதற்கு முன்பே அது சிதறிவிடும் நிலையும் இருக்கிறது.

ஆற்றல் மட்டுமே கணக்கில்லை என்பதற்கு, தாங்கள் வகுப்பில் சொல்லக்கூடிய ஓர் உதாரணத்தைத் தருகிறேன். மூன்றாம் நிலைத் தகடு என்பது, ஈயக் கரு கொண்ட 7.62 மி.மீ. எம்80 குண்டை நொடிக்கு 847 மீட்டர் வேகத்தில் தடுக்க வேண்டும். அது 3,440 ஜூல். முழுவதும் பாலிஎத்திலீனால் ஆன இலேசான தகடு இதை அநாயாசமாகத் தடுத்துவிடும். அதே தகட்டில், ஏறத்தாழப் பாதி ஆற்றலே கொண்ட 5.56 எம்855 குண்டு, நுனியில் இருக்கும் சிறு எஃகுத் துண்டின் புண்ணியத்தால் ஊடுருவிச் சென்றுவிடும். பாலிஎத்திலீனை எடுத்துவிட்டு எஃகுத் தகடு வைத்தால், எம்855 நிற்கிறது. ஆனால் அதைவிட இலேசான, எஃகே இல்லாத பழைய எம்193 குண்டு, நொடிக்கு 990 மீட்டர் வேகத்தால் மட்டுமே எஃகைத் துளைத்துவிடக்கூடும். ஒரு தகட்டை வென்ற குண்டு அடுத்த தகட்டிடம் தோற்கிறது. தோற்ற குண்டு வேறு இடத்தில் வெல்கிறது. புதிய தரநிலையில் ஆர்.எஃப்.1, ஆர்.எஃப்.2 என்று பிரித்து, எம்193-யும் எம்855-யும் பெயர் சொல்லிச் சேர்த்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

ஆக, தங்கள் கேள்விக்கான பதில் இதுதான். பாலிஎத்திலீன் தகடுகள், எஃகுத் தகடுகள், தரம் குறைந்த செராமிக் தகடுகள் ஆகியவற்றின்மீது 6.8 குண்டு, 5.56-ஐவிட நிச்சயம் பலம் வாய்ந்தது. அதுவும் 300, 400 மீட்டர் தாண்டிய பிறகு, சிறிய குண்டு வேகமிழந்து தளர்ந்துவிடும் இடத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எம்2 ஏ.பி.யைத் தடுக்கும் நல்ல செராமிக் தகட்டின்மீது, எஃகு முனை கொண்ட பொதுப் பயன்பாட்டுக் குண்டை நம்பி இறங்குவதற்கில்லை. அந்த வேலைக்கு மேலும் கடினமான கரு வேண்டும். பொதுப் பயன்பாட்டுத் தோட்டாவோடு ‘சிறப்புப் பயன்பாட்டுத் தோட்டா’ என்று ஒன்றை அமெரிக்கத் தரைப்படை தனியாக வைத்திருப்பதே இதற்குச் சான்று.

இதற்குக் கொடுக்கப்படும் விலை என்னை உறுத்துகிறது. பழைய துப்பாக்கியுடன் ஒரு வீரர் முப்பது தோட்டாக்கள் கொண்ட ஏழு மேகசின்களாக 210 தோட்டாக்களைச் சுமந்தார். புதியதில் மேகசினுக்கு இருபது, ஏழுக்கு 140. துப்பாக்கியோ ஒலியடக்கியுடன் சேர்த்து நாலரைக் கிலோவைத் தொடுகிறது. உயிரோடு திரும்ப வேண்டியவருக்கு, குறைந்துபோன அந்த 70 தோட்டாக்கள் சின்ன விஷயம் இல்லை. தொலைவில் இருந்து சுடும் எதிரிக்குப் பதில் சொல்வதற்காக இந்தத் துப்பாக்கி என்றால் நான் ஏற்றுக்கொள்வேன். கவசத்தை வெல்வதற்காக என்று மட்டும் சொன்னால், அந்த வெற்றிக்கு உரிமை கொண்டாட வேண்டியது குண்டின் கரு என்றுதான் சொல்வேன். நல்ல கருவை 7.62-லும் வைக்கலாம், 5.56-லும் வைக்கலாம், ஏற்கெனவே வைத்தும் இருக்கிறார்கள்.

கேள்வி: டங்ஸ்டன் கார்பைடுதான் துளைக்கும் என்றால், எல்லாத் தோட்டாவிலும் அதையே வைத்துவிட வேண்டியதுதானே?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: வைக்க முடியாததற்குப் பெரிய காரணம், அதிலுள்ள டங்ஸ்டன் என்ற உலோகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். உலகில் வெட்டியெடுக்கப்படும் டங்ஸ்டனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சீனாவில் இருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும் விதித்தது. சீனாவின் கவசத்தைத் துளைப்பதற்கான தோட்டாவுக்குச் சீனாவையே நம்பியிருக்க முடியுமா? பயிற்சிக்கு மட்டுமே ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் தோட்டாக்கள் செலவாகும் படையில், குண்டுக்குக் குண்டு டங்ஸ்டன் வைப்பது கஜானாவுக்கும் கட்டுப்படியாகாது. வெட்டுவதற்கும் கடைவதற்கும் எளிதான உலோகமும் இல்லை அது. எனவே, 2010-ல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்ட எம்855ஏ1 முதல் இன்று வரை, பொதுத் தோட்டாக்களில் கடினமாக்கிய எஃகு முனையும் அதன் பின்னால் செம்பும் என்ற அமைப்பையே அமெரிக்கா பின்பற்றுகிறது.

நீங்கள் திருச்சியில் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் இருக்கும் கன உலோக ஊடுருவி ஆலையில், பீரங்கி வண்டிகளின் குண்டுகளுக்கான டங்ஸ்டன் உலோகக் கலவை ஊடுருவிகள் தயாராகின்றன. அங்கே பயன்படுவது கார்பைடு அல்ல, கலவை உலோகம். அளவும் வேறு, இலக்கும் வேறு. ஆனால் அடர்த்தி மிகுந்த ஒல்லியான பொருளை அதிவேகத்தில் செலுத்தினால் அது கவசத்துக்குள் இறங்கும் என்ற அடிப்படை ஒன்றே.

கேள்வி: நம் நாட்டுக் கவசங்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கின்றன?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நமக்கென்று 17051 என்ற எண்ணுடைய இந்தியத் தரநிலை 2018 முதல் இருக்கிறது, அதன் உச்சப் படி ஆறாம் நிலை. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் கான்பூர் ஆய்வகம் உருவாக்கிய ஜாக்கெட், 7.62 × 54 மி.மீ. கவசத்துளைப்புத் தீக்குண்டை எதிர்த்து அந்த ஆறாம் நிலையில் சண்டிகரில் உள்ள ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு வெற்றி பெற்றதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. ஒரே கட்டியாகச் செய்த செராமிக் தகடும், பின்னால் பாலிமர் அடுக்கும் கொண்டது அது. ஜாக்கெட்டோடு சேர்த்து அணியும் தகட்டின் எடை ஒரு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கும் குறைவு என்று சொல்லியிருக்கிறார்கள். 24 செ.மீ. அகலமும் 32 செ.மீ. உயரமும் உள்ள தகடு என்று கொண்டால், ஒரு தகடு மூன்று கிலோவை ஒட்டி வரும். இந்தச் சோதனைக் குண்டு ரஷ்ய வழி வந்தது. அதன் கருவும் கடினமாக்கப்பட்ட எஃகுதான். ஆகவே முதல் பதிலில் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: என் மகன் ராணுவத்தில் எல்லைப் பகுதியில் பணியாற்றுகிறான். தகடு அணிந்திருந்தால் நான் நிம்மதியாக இருக்கலாமா? ஒரு குண்டு பட்ட தகட்டை மறுபடியும் அணியலாமா?
– வேலூர் மாவட்ட வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இருமுறை படித்தேன். உங்களுக்கு மிகைப்படுத்தாமல் பதில் சொல்வது என் கடமை.

தகடு காப்பது இதயத்தையும், பெருங்குருதிக் குழாய்களையும், நுரையீரலின் பெரும்பகுதியையும். நான் மேலே சொன்ன 24-க்கு 32 என்ற அளவை ஒரு காகிதத்தில் வெட்டி மார்பில் வைத்துப் பாருங்கள்; கழுத்தும், அக்குளும், அடிவயிறும், தொடையும் வெளியே நிற்பது தெரியும். இன்றைய போர்களில் பெரும்பாலான காயங்கள் பீரங்கிக் குண்டு, கண்ணிவெடி, ட்ரோன் ஆகியவற்றின் சிதறல்களால் ஏற்படுகின்றன. அவை எந்தப் பக்கத்திலிருந்தும் வரும். ஆனால் மார்பில் பட்டு அங்கேயே உயிரைப் பறித்திருக்கக்கூடிய குண்டுகளை இந்தத் தகடுகள் தடுத்ததால் வீடு திரும்பிய வீரர்கள் ஏராளம். அந்த அளவில் உங்கள் நிம்மதிக்கு இடம் இருக்கிறது.

குண்டு நின்றாலும் அடி நிற்காது. சோதனையில் தகட்டுக்குப் பின்னால் களிமண்ணை வைத்து, 15 மீட்டர் தொலைவிலிருந்து சுட்டு, களிமண்ணில் விழும் பள்ளத்தை அளப்பார்கள், 44 மி.மீ. வரை அனுமதி உண்டு. நாலரை செ.மீ.க்குச் சற்றுக் குறைந்த அந்தப் பள்ளத்தை விலா எலும்பில் நினைத்துப் பார்க்கலாம். அதனால், குண்டு நின்றுவிட்டது, ரத்தம் இல்லை என்றாலும் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

குண்டு பட்ட தகட்டைச் சண்டை முடியும் வரை கழற்றக் கூடாது. முடிந்த பிறகு திரும்ப அணியவும் கூடாது. நான்காம் நிலைக்கு ஒரு குண்டைத் தடுத்துக் காட்டினாலே போதும் என்பதுதான் 2008 தரநிலையின் விதி. பல குண்டுகளைத் தாங்கும் தகடுகள் உண்டு என்றாலும், குண்டு விழுந்த இடத்தைச் சுற்றிச் செராமிக் உடைந்தே இருக்கும்.

தளங்களில் சாதாரணமாகக் கவனிக்காமல் விடப்படுவது, குண்டே படாத தகட்டின் விரிசல். முதுகுப் பையோடு தரையில் எறிவதாலும், வண்டியின் விளிம்பில் இடிபடுவதாலும் செராமிக்கில் கீறல் விழும். மேலே துணி உறை இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கத் தரைப்படை இதற்காகவே எக்ஸ்ரே கருவிகளைத் தளங்களுக்குக் கொண்டுபோய்த் தகடுகளைச் சோதிக்கிறது. பின்புறமுள்ள பாலிஎத்திலீனும் வெப்பத்தில் நெகிழக்கூடியது. வெயிலில் காயும் வண்டித் தகரத்தின்மேல் அதை நாள்கணக்கில் போட்டு வைப்பது நல்லதல்ல. மகனிடம் பேசும்போது, தகட்டைக் கீழே போடாமல் வைக்கச் சொல்லுங்கள். கீழே விழுந்திருந்தால், கூச்சப்படாமல் மாற்றித் தரும்படி கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். தகட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழிக்கு நேராக, இரண்டு காறை எலும்புகளும் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். நடக்கும்போது வசதிக்காகப் பட்டையைத் தளர்த்தினால் தகடு வயிற்றுக்கு இறங்கிவிடும். அப்போது இதயத்தின் மேல்பகுதி திறந்து கிடக்கும். காவலுக்குப் புறப்படும் முன் தொண்டைக்குழியில் ஒரு விரலை வைத்து, தகட்டின் விளிம்பு அந்த விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்று அவர் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.